முன் நாற்காலியில் ஒரு கை

இருபத்தொண்ணு. பத்து நிமிஷமா போர்டுல அந்தச் செவப்பு நம்பர் இருபத்தொண்ணுலயே நிக்குது. என்னோடது முப்பத்தெட்டு. நடுவுல பதினாறு கேஸ் இருக்கு, எந்திரிச்சுப் போய் பாத்ரூம் போயிட்டு வந்துடலாம், காலைல ஒம்போது மணிக்குக் குடிச்ச டீ, போகாதன்னு யாரும் சொல்லல, ஆனா போக முடியாது. இந்த ஜட்ஜ் ஒரு கேஸுக்கு அரை மணி நேரம் காது குடுப்பார், அடுத்த அஞ்சு கேஸ அஞ்சே நிமிஷத்துல தள்ளிவிடுவார். நான் அங்க கை கழுவிக்கிட்டு இருக்கும்போது இங்க முப்பத்தெட்டுன்னு கூப்பிட்டு, யாரும் இல்லையா, சரி, தள்ளுபடின்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டா? அப்புறம் ஈரக் கையோட வந்து நின்னு என்ன பிரயோஜனம். பெரிய வக்கீல் ஆபீஸ்ல வேலைக்கு இருந்தப்போ இந்தக் கவலையே கிடையாது. ஒரு கேஸுக்கு மூணு பேர் வருவோம், ஒருத்தி வெளிய போனா இன்னொருத்தன் உக்காந்திருப்பான், அவனும் போனா வாசல்ல குமாஸ்தா நிப்பாரு. இப்போ வக்கீலும் நான்தான், ஜூனியரும் நான்தான், கேஸ் கட்டு தூக்குற குமாஸ்தாவும் நான்தான். சொந்தமா ப்ராக்டிஸ் பண்ணப் போறேன்னு பெருசா கிளம்பி வந்தியே செண்பகவல்லி, அனுபவி. கால் மேல கால் போட்டு உக்காந்துக்கோ, வேற எதையாவது நினை. முன்னாடி உக்காந்திருக்கிறவரோட கவுன்ல முதுகுப் பக்கம் தையல் பிரிஞ்சிருக்கு, அதைப் பாரு. அவர் யாருன்னு தெரியாது, எந்தக் கேஸுக்கு வந்திருக்காருன்னும் தெரியாது, முன்வரிசைல நிம்மதியா சாஞ்சுக்கிட்டு இடது கைய நாற்காலிக்குப் பின்னால தொங்கப் போட்டிருக்காரு, தூங்குறாரோ என்னவோ. குடுத்து வச்சவரு.

இருபத்திரெண்டு. சரி, நகருது. முதல்ல கட்டப் பிரிச்சு ஒரு தடவ பாத்துடுவோம். காலைலருந்து ஏழு தடவ பாத்தாச்சு, பரவால்ல, எட்டாவது தடவ. மேல இருக்கிறது வக்காலத்து நகல், அதுக்குக் கீழ தேதிப் பட்டியல், அதுக்குக் கீழ கீழ்க் கோர்ட்டு தீர்ப்பு, கடைசியா அந்த உத்தரவு. அதைப் படிக்காம விட்டுடலாம்னாலும் கண்ணு அங்கதான் போகுது. மனுதாரரைக் காலி பண்ணக் கூடாதுங்கிற இடைக்காலத் தடை இன்றைய தேதி வரை. இன்னையோட சரி. இன்னைக்கு இந்த ஜட்ஜ் நீட்டிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லலைன்னா நாளைக்குக் காலைல பத்து மணிக்கு கோர்ட்டு அமீனா ரெண்டு போலீஸ்காரங்களோட அயனாவரத்துல போய் நிப்பாரு, ஃபிலோ அக்கா வச்சிருக்கிற குழந்தைங்க காப்பகத்துல தொட்டிலையும் குட்டி நாற்காலியையும் தூக்கி ரோட்டுல வச்சுட்டுப் பூட்டுப் போட்டுடுவாரு. நாப்பத்தொரு குழந்தைங்க. அத்தனை பேரோட அம்மாவும் காலைல எட்டு மணிக்குக் கொண்டாந்து விட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடுறவங்க. பதினோரு வருஷமா வாடகைக்கு இருக்கிற வீடு, வீட்டு ஓனர் பெரியவர் போனப்புறம் அவர் மகன் எனக்கே வேணும்னு கேஸ் போட்டான், அவனுக்கு வேணுங்கிறது வீடு இல்ல, இடிச்சுட்டு ஃபிளாட் கட்டணும், அது எல்லாருக்கும் தெரியும், கீழ்க் கோர்ட்டுக்குத்தான் தெரியல. அந்த நாப்பத்தொண்ணுல என் பொண்ணு இப்போ இல்ல. இளமதிக்கு எட்டு வயசாச்சு. ஆனா அவ ஆறு மாசக் குழந்தையா இருந்ததுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஃபிலோ அக்கா இடுப்புலதான் வளர்ந்தா. நான் ஆபீஸ்ல இருந்து கிளம்பி வந்து சேர எட்டு மணி ஆகும், ஒம்போதும் ஆகும், ஆறரைக்கு மூட வேண்டிய கதவை அந்த அம்மா எனக்காகத் திறந்து வச்சிருக்கும். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. வா செண்பகம், பிள்ளை தூங்கிட்டா, நீ ரெண்டு இட்லி தின்னுட்டுத் தூக்கிட்டுப் போன்னு சொல்லும். தூத்துக்குடிக்காரங்க, நான் கோவில்பட்டி, பேச்சுலயே ஒட்டிக்கிட்டோம். அந்த இட்லிக்கெல்லாம் இன்னைக்கு நான் பதில் சொல்லணும்.

இருபத்தஞ்சு. எப்போ இருபத்தஞ்சு ஆச்சு? ரெண்டு கேஸு காதுலயே விழலையே. கவனம், கவனம். இப்படித்தான் முப்பத்தெட்டும் காதுல விழாமப் போகும். ஆபீஸ்ல இந்தக் கேஸுக்கு "செண்பாவோட பால்வாடி"ன்னு பேரு வச்சிருந்தாங்க. கம்பெனிங்களுக்கு வாதாடுற இடத்துல ஆயம்மா கேஸானு சிரிப்பு. நான்தான் வரதன் சார் ரூம்ல போய் நின்னு, சார், இது ஒண்ணு நமக்காகப் பண்ணலாம் சார்னு கெஞ்சிக் கொண்டு வந்தேன். அவர் பார்ட்னர், அவர் தலையாட்டினா பதினாலு மாடியும் ஆடும். நல்ல மனுஷன்தான், தலையாட்டினாரு. நான் வேலைய விட்டப்போ மத்த எந்த ஃபைலையும் தொட விடல, இது ஒண்ணை மட்டும் அவரே எடுத்து மேஜைல வச்சு, இது உன்னோடதுதானேம்மா, நீயே கூட்டிட்டுப் போன்னாரு. பன்னெண்டு வருஷ உழைப்புக்கு மொத்தமா ஒரு ஃபைல், ஒரு மணி பிளான்ட் தொட்டி, கேக்கு வெட்டி ஒரு போட்டோ. இப்போ தம்புச்செட்டித் தெருவுல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரு நோட்டரியோட பாதி மேஜை. மணி பிளான்ட்டை நோட்டரி டீ ஊத்திக் கொன்னுட்டாரு. பேர் எழுதின போர்டு வந்து ஒரு மாசமாச்சு, இன்னும் ஆணி அடிக்கல. அடிச்சா நிஜமாயிடும்னு பயமோ என்னவோ. என் புருஷன் ஸ்ரீபெரும்புதூர் ஷிஃப்டுக்குப் போகும்போது தினமும் கேக்கறாரு, மாட்டிட்டியான்னு. மாட்டறேன், மாட்டறேன்.

இருபத்தேழு. அந்தத் தொங்குற கை கண்ணுலயே நிக்குது. தொங்கினாலும் அது உள்ளங்கைய மேல காட்டிக்கிட்டுத் தொங்குது, அதான் பிரச்சினை. எனக்குப் பழக்கமான கை வேற. திருமலைச்சாமி சாரோட இடது கை. ஆபீஸ்ல எந்தப் பெரிய கேஸுக்கும் வாதாட அவரைத்தான் கூப்பிடுவோம், அவர் முன்வரிசைல நின்னு பேசுவாரு, நான் சரியா அவர் முதுகுக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசைல உக்காந்திருப்பேன். அவர் திரும்பிப் பாக்க மாட்டாரு. பேசிக்கிட்டே இருக்கும்போது இடது கை மட்டும் பின்னாடி வரும், பவழ மோதிரம் போட்ட கை, உள்ளங்கை விரியும், நான் அதுல பேப்பர வைக்கணும். எந்தப் பேப்பர்னு கேக்கக் கூடாது, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ரெண்டு விரல் சொடுக்கினா சீக்கிரம்னு அர்த்தம். கை அப்படியே நின்னா நான் குடுத்தது தப்புப் பேப்பர்னு அர்த்தம். அந்த மனுஷனோட மூஞ்சிய நான் பாத்ததைவிட உள்ளங்கையத்தான் அதிகம் பாத்திருக்கேன், ரேகை பாத்து ஜோசியமே சொல்லிடுவேன். சும்மா சொல்லக் கூடாது, அதுல எனக்கு ஒரு சுகம் இருந்துச்சு. ஜட்ஜ் கேள்விய முடிக்கறதுக்குள்ள பதில் இருக்கிற பக்கம் அந்தக் கைல இருக்கும். அவர் சொல்ற வாக்கியத்துல முக்கால்வாசி நான் முந்தின நாள் எழுதினது. என் வாக்கியத்த இன்னொருத்தர் வெண்கலக் குரல்ல சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும். வெக்கமா இருக்கு இப்போ நெனச்சா. ஃபிலோ அக்கா ஒரே ஒரு தடவ கோர்ட்டுக்கு வந்துச்சு, முதல் முதலா தடை வாங்கின அன்னைக்கு. கடைசி வரிசைல பையை மடில வச்சுக்கிட்டு உக்காந்து பாத்துட்டு, வெளிய வந்ததும் கேட்டுச்சு, ஏம்மா செண்பகம், அவரு கைய நீட்டுறாரு, நீ எடுத்து எடுத்துக் குடுக்குற, அவரு திரும்பிக்கூடப் பாக்கல, அப்ப இதுல வக்கீலு யாரு? நான் சிரிச்சேன். அவருதான்க்கா, பெரிய வக்கீலுன்னேன். அப்படியான்னு தலையாட்டுச்சு.

இருபத்தொம்போது, முப்பது, இப்போ வேகம் பிடிச்சுடுச்சு. தண்ணி குடிக்கவும் பயம், குடிச்சா டீயோட சேர்ந்துக்கும். பேசணும்ல. பேசினா குரல் வருமா? பன்னெண்டு வருஷத்துல கோர்ட்டுல நான் வாயத் திறந்து சொன்னது ஒரே ஒரு வார்த்தை. நாலாவது வருஷம் அது. திருமலைச்சாமி சார் வேற கோர்ட்டுல மாட்டிக்கிட்டாரு, கேஸக் கூப்பிட்டுட்டாங்க, வரதன் சார் என்னை முழங்கையால இடிச்சு எந்திரி எந்திரிங்கிறாரு. எந்திரிச்சேன். மை லார்டுன்னு ஆரம்பிக்கணும், அது வரல. உள்ள எல்லாம் ரெடியா இருக்கு, கேஸு முழுக்க மனப்பாடம், வாய்தான் திறக்கல. கடைசியா பாஸ்ஓவர்னு ஒரு வார்த்தை வந்துச்சு, கீச்சுன்னு. இப்ப வேண்டாம், கடைசில கூப்பிடுங்கன்னு கேக்கற வார்த்தை. அதை எந்த வக்கீலும் எந்த வக்கீலுக்காகவும் கேட்கலாம், எதுவும் தெரிய வேண்டாம், முந்தாநாள் வக்கீலானவன்கூடக் கேட்பான். ஜட்ஜ் சரின்னுட்டாரு. உக்காந்ததும் வரதன் சார் முதுகுல தட்டி, பரவால்ல செண்பா, நீ எழுது, பேச வேற ஆள் இருக்குன்னாரு. ஆறுதலாத்தான் சொன்னாரு. நானும் ஆறுதலாத்தான் எடுத்துக்கிட்டேன், எட்டு வருஷம். இப்பக்கூட நாக்கு நுனில அந்த வார்த்தைதான் வந்து உக்காந்திருக்கு. கேட்டுடலாமா? கேட்டா ஒரு மணி நேரம் கிடைக்கும், அதுக்குள்ள தைரியம் வந்துடும். வராது. அதோட இன்னைக்கு அதைக் கேட்கவே முடியாது, காலைல உக்காரும்போதே ஜட்ஜ் சொல்லிட்டாரு, மத்தியானம் இந்தக் கோர்ட்டு உட்காராது, ஒரு மணிக்கு எந்திரிச்சுடுவேன், எடுக்காத கேஸெல்லாம் அடுத்த வாரம்னு. அடுத்த வாரம்! அமீனா அடுத்த வாரம் வரைக்கும் அயனாவரத்துல பல்லாங்குழி ஆடிக்கிட்டு இருப்பாரா? மணி பன்னெண்டே கால். இன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லக் கூடாது.

முப்பத்தொண்ணு. போன் துடிக்குது, ஃபிலோ அக்காகிட்டருந்து மெசேஜ். எடுக்கக் கூடாது, மடில வச்சுப் பாத்துட்டு வச்சுடலாம். ஆயா ரெண்டு பேரும் லீவு அதான் வர முடியல, கூப்டாங்களா மா. கீழ ஒரு போட்டோ, வரிசையா பாயில பருப்பு சாதம் சாப்பிடுற பிள்ளைங்க, கடைசில ஒண்ணு மூக்குல சோத்தோட கேமராவப் பாக்குது. ஏன்க்கா இதை இப்போ அனுப்புறீங்க. இன்னைக்குக் கேஸ் லிஸ்ட்ட எடுத்துப் பாக்கலாம், அதுல இன்னொரு வயித்தெரிச்சல். முப்பத்தெட்டுக்கு நேரா மனுதாரர் தரப்புன்னு என் பேரு இல்ல. ஆபீஸ் பேருதான் இன்னும் போட்டிருக்கு. ஆபீஸ்ல ஆட்சேபனை இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்து, என் பேருல புது வக்காலத்து தாக்கல் பண்ணி இருபது நாளாச்சு, கோர்ட்டு செக்ஷன்ல போய்க் கேட்டா, ஏறிடும் மேடம், ஏறிடும்ங்கிறாரு ஒருத்தர், நிமிர்ந்தே பாக்காம. ஏறல. காகிதத்துல பாத்தா நான் இந்தக் கேஸுல இல்லவே இல்ல. எதிர்ப்பக்க வக்கீல் ஞானதுரை சார் எந்திரிச்சு, இந்தம்மா யாருன்னு கேட்டா நான் இந்த நகலத்தான் காட்டணும், அதான் மேல வச்சிருக்கேன், வரதன் சாரோட கையெழுத்து நல்லா தெரியுது, நீல மையில. அதைக் காட்டணும்னாலும் முதல்ல எந்திரிக்கணும், எந்திரிச்சா முதல்ல மை லார்டுன்னு சொல்லணும். மை லார்ட். மனசுக்குள்ள நல்லாத்தான் வருது. பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணு திரும்பிப் பாக்குது, உதடு அசைஞ்சுடுச்சு போல.

ஏன் விட்டேன் வேலைய? எல்லாரும் கேட்டாங்க. பார்ட்னர் ஆக்கலையேன்னு கோவமான்னாங்க, உடம்பு முடியலையான்னாங்க. சொன்னா சிரிப்பாங்க. மூணாங்கிளாஸ் மாறுவேடப் போட்டி. இளமதி வக்கீல் வேஷம் போடுவேன்னு ஒத்தக் கால்ல நின்னா, என் கழுத்துப் பட்டையக் கட்டிவிட்டேன், கவுன் தரையெல்லாம் கூட்டுச்சு. மிஸ் ரெண்டு வரி வசனம் சொல்லச் சொல்லியிருக்காங்க. அம்மா, நீ கோர்ட்டுல என்ன சொல்லுவ, அதையே நான் சொல்றேன்னா. அடுப்புல பால் வச்சிருந்தேன். என்ன சொல்லுவேன்? யோசிக்கிறேன், யோசிக்கிறேன், பால் பொங்கி வழியுது. பாஸ்ஓவர்னு சொல்லுடின்னு சொல்லலாமா? கைல பேப்பரக் குடுத்துப் பின்னாடி உக்காந்துக்கோன்னு சொல்லலாமா? கடைசில, நீதி வெல்லும்னு சொல்லு கண்ணுன்னு ஏதோ சினிமாத்தனமா சொல்லிக் குடுத்தேன். அவ கைய உயர்த்தி அதைச் சொன்னா, எல்லாரும் கை தட்டினாங்க, ரெண்டாம் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். மேடைல இருந்து இறங்கி வந்து, நீ இப்படித்தான் கத்துவியாம்மான்னு கேட்டா. ஆமான்னேன். பிள்ளைகிட்ட அப்பட்டமா பொய் சொன்னேன். அந்த டிபன் பாக்ஸத்தான் தினமும் ஸ்கூலுக்குக் கொண்டு போறா, தினமும் நான்தான் கழுவறேன், கழுவும்போதெல்லாம் சுருக்குன்னு இருக்கும். எட்டு மாசம் கழுவினேன். அப்புறம் ஒரு திங்கக்கிழமை வரதன் சாருக்கு லெட்டர் எழுதினேன். இது ஒரு காரணமா? எனக்கே தெரியல. இப்போ நெனச்சா கிறுக்குத்தனமாத்தான் இருக்கு. மாசம் பொறந்தா சம்பளம் வர்ற இடம், ஏசி ரூமு, பின்னாடி உக்கார ஒரு நாற்காலி. எல்லாத்தையும் விட்டுட்டு, ஃபிலோ அக்காவோட வீட்டையும் கூட எடுத்துக்கிட்டு வந்து நடுத்தெருவுல நிக்கிறேன். நான் நின்னாப் பரவால்ல, அந்தப் பிள்ளைங்க நிக்கும். ஆபீஸ்லயே விட்டிருந்தா இன்னைக்குத் திருமலைச்சாமி சார் வந்து ரெண்டு நிமிஷத்துல வாங்கிட்டுப் போயிருப்பாரு. என் வீம்புக்கு அந்தம்மாவப் பலி குடுக்கறேனா? முப்பத்தஞ்சு. முப்பத்தாறு. அடப்பாவிகளா, ஒருத்தனாவது வாதாடுங்களேன்டா.

முப்பத்தேழு கூப்பிட்டாங்க, யாரோ எந்திரிச்சு வாபஸ்னாங்க, உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டுன்னா என்னோடது. கட்டத் திறந்தேன், மேல இருந்த பேப்பர எடுத்தேன், முன்னாடி நீட்டினேன். நாற்காலிக்குப் பின்னால உள்ளங்கை விரிஞ்சு கிடந்துச்சு, அதுல வச்சேன். வச்சுட்டு சாஞ்சு உக்காந்துட்டேன். நிம்மதியா. சத்தியமா சொல்றேன், ரெண்டு மூச்சு அளவுக்கு எனக்கு ஒரு கவலையும் இல்ல, வேலை முடிஞ்சுது, இனிமே அவர் பாத்துப்பாரு. அந்தக் கைல மோதிரம் இல்லங்கிறது அப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. தையல் பிரிஞ்ச கவுன் திரும்பிச்சு. தூக்கக் கலக்கத்துல ஒரு முகம், நரைச்ச மீசை, என்னையும் பேப்பரையும் மாத்தி மாத்திப் பாக்குது. என்ன மேடம் இதுன்னு மெதுவா கேட்டாரு. அதுக்குள்ள ஜட்ஜ், பெட்டிஷனருக்கு யாருன்னு கேட்டுட்டாரு. அந்தப் பக்கம் ஞானதுரை சார் எந்திரிச்சு, லிஸ்ட்டுல இருக்கிற ஆபீஸ்ல இருந்து யாரும் வந்த மாதிரி தெரியல மை லார்ட், ஏற்கனவே மூணு தடவ தடைய நீட்டியாச்சு, தள்ளுபடி பண்ணிடலாம்னாரு. சுத்திப் பாத்துட்டுத்தான் சொன்னாரு. என்னையும் பாத்தாரு, பார்வை நிக்காமத் தாண்டிப் போயிடுச்சு. மூணு தடவ இதே கேஸுல அவருக்கு எதிர்ப் பக்கத்துல உக்காந்திருக்கேன், என்னை அவருக்குத் தெரியல. முன்னாடி இருந்த மீசைக்காரர் புரிஞ்சுக்கிட்டாரு போல, நல்ல மனுஷன், குனிஞ்சு, பாஸ்ஓவர் கேக்கட்டுமா மேடம்ங்கிறாரு, பாதி எந்திரிச்சும் எந்திரிச்சுட்டாரு, மை லார்டுன்னு ஆரம்பிக்க வாயையும் திறந்துட்டாரு. மணி பன்னெண்டே முக்கால். அவர் கேட்டுட்டா அடுத்த வாரம். மூக்குல சோத்தோட அந்தக் குழந்தை. நான் எப்போ எந்திரிச்சேன்னு எனக்குத் தெரியாது. வேண்டாம் சார், அதைக் குடுங்க, அது என்னோடதுன்னேன்.

சத்தமா சொல்லிட்டேன். ரொம்பச் சத்தமா. கடைசி வரிசை வரைக்கும் திரும்பிப் பாத்துச்சு, யாரோ சிரிச்சாங்க, ஜட்ஜ் கண்ணாடிய இறக்கி என்னம்மா உன்னோடதுன்னாரு. இந்தக் கேஸ் மை லார்டுன்னேன். மை லார்ட் தானா வந்துடுச்சு, கடைசில வந்துச்சு, வந்ததே பெருசு. பெட்டிஷனருக்கு நான் ஆஜராகறேன். லிஸ்ட்டுல வேற பேரு இருக்கேன்னாரு. மீசைக்காரர் கைல இருந்து பேப்பர வாங்கி கோர்ட்டு ஆபீசர்கிட்ட குடுத்தேன், கை நடுங்கினதுல அது காத்தாடி மாதிரி அடிச்சுது, எல்லாரும் பாத்தாங்க, பாக்கட்டும். உங்க பேரு? செண்பகவல்லி. என்ன வேணும்? தடை இன்னையோட முடியுது மை லார்ட், அது குழந்தைங்க காப்பகம், நாப்பத்தொரு குழந்தைங்க இருக்காங்க, நாளைக்கு அமீனா வருவாரு. ஞானதுரை சார் உடனே, குழந்தைங்களக் காட்டியே பதினஞ்சு மாசம் ஓட்டிட்டாங்க மை லார்ட், வீட்டு ஓனருக்குச் சொந்த உபயோகத்துக்கு வேணும்னாரு. அந்த இடத்துல எனக்கு எங்க இருந்து கோவம் வந்துச்சோ. சொந்த உபயோகத்துக்குன்னா பில்டரோட போன வருஷமே எதுக்கு ஒப்பந்தம் போட்டாங்க மை லார்ட், அறுபத்திரெண்டாம் பக்கம்னேன். பக்கத்த நான் பாக்கல, பாக்க வேண்டாம், எனக்குத் தெரியும். ஜட்ஜ் புரட்டினாரு. புரட்டிக்கிட்டே இருந்தாரு. ஞானதுரை சார் இப்போ என்னை நல்லாப் பாத்தாரு. ஜட்ஜ் நிமிர்ந்து, வியாழக்கிழமை முதல் கேஸா வைக்கிறேன், அதுவரைக்கும் தடை நீடிக்கும், அன்னைக்கு முழுசா வாதாடி முடிச்சுடணும், சீனியர் வரல, ஊர்ல இல்லன்னு வந்து நிக்கக் கூடாதுன்னாரு. சீனியர் யாரும் இல்ல மை லார்ட், நான்தான்னேன். தலையாட்டினாரு. முப்பத்தொம்போது. மொத்தமா ரெண்டு நிமிஷம் இருக்கும். கட்டக் கட்டத் தெரியாம அப்படியே வாரி அணைச்சுக்கிட்டு வெளிய வரும்போது மீசைக்காரர், நாற்காலிக்குப் பின்னால இருந்து கைய எடுத்து மடில வச்சுக்கிட்டாரு.

காரிடார்ல நல்ல காத்து. செவுத்துல சாஞ்சுக்கிட்டேன். வியாழக்கிழமை, முழுசா வாதாடணும், ரெண்டு நிமிஷம் இல்ல, அரை மணி நேரம், ஒரு மணி நேரம், அவர் கேள்வி கேப்பாரு, ஞானதுரை சார் இந்தத் தடவ தயாரா வருவாரு, பயம் எங்கயும் போகல, மூணு நாள் தள்ளிப் போய் உக்காந்திருக்கு. போன் துடிச்சுது. எடுத்ததும் பின்னாடி நாப்பத்தொரு பிள்ளைங்க சத்தம், ஒண்ணு அழுவுது, ஃபிலோ அக்கா மூச்சு வாங்குது. என்ன ஆச்சு மா? நீட்டிச்சாச்சுக்கா, வியாழக்கிழமை வரைக்கும், அன்னைக்குக் கடைசி வாதம், அதுல தெரிஞ்சுடும். மாதாவேன்னு ஒரு பெருமூச்சு. அப்புறம் கேட்டுச்சு, யாரு மா பேசினாங்க, அந்த மோதிரம் போட்ட சாரா? இல்லக்கா, நான்தான் பேசினேன். அந்தப் பக்கம் அழுவுற பிள்ளை மட்டும் கேக்குது. என் மேல நம்பிக்கை இல்லையோ, பயந்துடுச்சோ, பெரிய வக்கீல வைம்மான்னு சொல்லப் போகுதோ, சொன்னா நான் என்ன சொல்றது. வியாழக்கிழமை? அன்னைக்கும் நான்தான்க்கா. வேற யாரும் இல்ல. அப்படியான்னு சொல்லுச்சு, சொல்லிட்டு, ஏய் ஜெனி, அவன் தட்ட அவன்கிட்ட குடுன்னு யாரையோ அதட்டுச்சு, திரும்ப வந்து, அப்ப நான் வாரேன், ஆயாங்க வந்துருவாங்க, நான் வந்து உன் பின்னாடி உக்காந்துக்கிறேன்னுச்சு. கட்சிக்காரங்க கடைசி வரிசைலதான்க்கா உக்காரணும்னேன். அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், உனக்கு எடுத்துக் குடுக்க ஆள் வேண்டாமா, எனக்குத்தான் அந்த வேலை தெரியுமே, அன்னைக்கு நீ செஞ்சதப் பாத்துட்டுத்தானே இருந்தேன். நீ திரும்பிக்கூடப் பாக்க வேண்டாம் செண்பகம், கைய மட்டும் பின்னாடி நீட்டு, நான் குடுக்குறேன். சரிக்கான்னு சொல்ல வாயத் திறந்தேன், குரல் வரல. காரிடார்ல, கவுனோட, போற வர்றவங்க எல்லாரும் பாக்க, அழுதுட்டேன்.